செப்புத் தகட்டு அம்மன்

என் வீட்டுக்காரர் சீனிச்சாமிக்கு உலகத்தில் இரண்டு பேரிடம்தான் பயம். ஒன்று அம்மன். இன்னொன்று, அம்மன் இறங்கியிருக்கும்போது நான். மற்ற நேரத்தில் நான் சொல்வதெல்லாம் அவருக்குச் செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஏழாயிரம்பண்ணையில் நாங்கள் வேலை பார்த்த வெடி கம்பெனியில் அவருக்கு மருந்து கலக்கிற வேலை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்க்கிற அந்தச் சின்ன ரூமுக்குள் ஒரு பொறி விழுந்தால் போதும், அள்ளக்கூட மிச்சம் இருக்காது. எனக்குத் தள்ளியிருந்த ரூமில் திரி செருகுகிற வேலை. காற்றில் கதவு அடித்தாலும் எழுந்துபோய் அந்த ரூமை எட்டிப் பார்ப்பேன். சாயங்காலம் அவர் முழுசாக வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர அம்மனிடம் நான் எதையும் கேட்டதில்லை.

2006 மாசியில் இசைவாணி சேஃப்டி சூப்பர்வைசராக வந்தாள். திருத்தங்கல்காரி. கெமிஸ்ட்ரி படித்தவள். சாமி கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். வந்த வாரமே மருந்து ரூம் வாசல் சுவரில் ஒரு செப்புத் தகட்டைப் பதித்தாள். அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி, கரியும் உப்பும் கொட்டிய குழிக்குள் போனது.

"நடக்கையில, உரசையில உடம்புல கரண்டு சேரும்ணே. பாலியஸ்டர் சட்டைன்னா இன்னும் மோசம். உள்ள போகுமுன்ன இதைத் தொட்டா மண்ணுக்குள்ள போயிரும். குழி மட்டும் காயாமப் பாத்துக்கிடணும்" என்றாள்.

"எங்களுக்கு அம்மன் இருக்கா தாயி, தகடு எதுக்கு?" என்றார் இவர். வாசல்படியைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்திலேயே இருந்த தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், திருப்பூர் மச்சினன் கொடுத்த வழுவழுப்புச் சட்டையோடு உள்ளே போனார்.

வீட்டில் கெஞ்சினேன். பருத்திச் சட்டையைத் துவைத்து எடுத்து வைத்தேன். "சின்னப் பிள்ளை என்னத்தக் கண்டா? நீ சோத்தப் போடு" என்றார்.

இசைவாணியை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ரூமுக்குள் போகிற ஒவ்வொரு தடவையும், யாரும் பார்க்காத நேரத்திலும், உள்ளங்கையை முழுசாகத் தகட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். சாமி இல்லை என்கிறவளிடம் இருக்கிற பக்தி, சாமி உண்டு என்கிற இந்த ஆம்பளைகளிடம் இல்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, கேட் பக்கத்து வேப்பமரத்தடி அம்மனுக்குப் பூசை. பெண்கள் குலவை போட்டதும் என் உடம்பு நடுங்கியது.

"ஏலே சீனி" என்றது என் வாய். "என்னை மருந்து ரூம் வாசல்ல நிறுத்திட்டு, தொடாம உள்ள போறியோ? நான் அங்கன செம்பா நிக்கிறது ஒன் கண்ணுக்குத் தெரியலையா? தொட்டுட்டுப் போலே. என் காலுக்குத் தண்ணி ஊத்துலே."

அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் நடித்தேன் என்று எவளாவது சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்பேன். வாய் என்னுடையது. ஏறி நின்றது என்னுடையது இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனால், தகட்டையே காணோம். எண்ணெய், சந்தனம், குங்குமம் என்று அப்பி வைத்திருந்தார்கள். இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படி மூடினா கை எப்படிச் செம்புல படும்? சாமியக் கொண்டாந்து என் வேலையக் கெடுத்துட்டீகளேக்கா."

இவரோ அதே வழுவழுப்புச் சட்டையோடு, பயபக்தியாக முதல் ஆளாய் நிற்கிறார். இப்போது அம்மன் இறங்கவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். கேட்டுக்கு வெளியே இருந்த கேன்டீன் சமையல்கட்டுக்கு ஓடிப்போய் ஒரு கை புளி அள்ளி வந்தேன்.

"தள்ளுங்க. அம்மனுக்கு மொகம் கழுவணும்."

அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? செம்புக்குடம் தேய்க்கிற மாதிரி தேய்த்துக் கழுவித் துடைத்தேன். "பொட்டை மேல சுவத்துல வைங்க. அம்மன் மொகத்துல இனி எதுவும் அப்பக் கூடாது" என்றேன். தகடு தகதகவென்று நின்றது.

அவர் விரலை நீட்டினார். தொடுவதற்குள் 'பட்'டென்று ஒரு சின்ன நீலப்பொறி தாவியது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தார். அன்றைக்கு மருந்து இன்னும் எடுத்து வராததால் ரூம் காலியாக இருந்தது.

"இந்தப் பொறியத்தாண்ணே நான் சொன்னேன். இது உள்ள மருந்துல விழுந்திருந்தா?" என்றாள் இசைவாணி.

அவர் கையைப் பார்த்தார், ரூமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தச் சட்டையை அங்கேயே கழற்றினார்.

அதற்குப் பிறகு தொடாமல் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றப் பெண்களுக்குள் போட்டி. மஞ்சள் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா ஊத்துங்க, உப்பும் நேர்ந்து போடுங்க" என்று இசைவாணியே சிரித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு முகம் கழுவினோம். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், அவர்கள் வாசலிலும் ஒரு அம்மனைப் பதித்தார்கள்.

தீபாவளி சீசன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. கடைசி நாள் பூசையில் முதல் திருநீற்றை இசைவாணியிடம் நீட்டினேன்.

"எனக்குத்தான் நம்பிக்கை இல்லையேக்கா."

"மொத ஆளாத் தொட்டது நீதான பாப்பா. பிடி."

வாங்கினாள். பூசவில்லை, கீழே போடவும் இல்லை. கையை மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்குப் பேசினது நீங்களா, அம்மனா?"

அந்த நேரம் மருந்து ரூமிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். பருத்திச் சட்டை, தலை முதல் கால் வரை வெள்ளியாய் அலுமினியப் பொடி.

"யாரு பேசினா என்ன? அந்தா வாராரு பாரு, முழுசா" என்றேன்.

குலவை போட்டேன். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். இசைவாணியும் போட்டாள். அவளுக்குக் குலவை வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் விடாமல் போட்டாள்.