தாஜ்மகாலுக்கு மசியாதவன்

எழுபத்தொன்பதில் ஒரு நாள், ஆங்கில விரிவுரையாளர் தேவசகாயம் ‘ஸ்டன்’ என்ற வினைச்சொல்லுக்கு நோட்ஸ் கொடுத்தார். பொருள்: திகைக்கவை, மலைக்கவை, நினைவு தப்பச் செய். உதாரணம்: தாஜ்மகாலின் அழகு என்னை ஸ்டன் செய்தது.

“ஆளுக்கொரு சொந்த வாக்கியம் எழுதுங்க” என்றார்.

நாற்பத்திரண்டு பேர் வகுப்பில் நாற்பத்தொரு பேரைத் தாஜ்மகால் ஸ்டன் செய்தது. அவர்களில் பக்கத்து ஏலகிரி மலையைவிடத் தூரம் போனவர்கள் மூன்று பேர். அந்த மூவரும் போனது திருப்பதிக்கு.

மிஞ்சியவன் ஏசுராஜ். அவன் அப்பா ஆம்பூர் தோல் டேனரி ஒன்றில் கழிவுக் குழியில் இறங்கி வாருகிறவர். ஏசுராஜ் எழுதினான்: ‘குழியின் நெடி என் அப்பாவை ஸ்டன் செய்தது. நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினார்கள்.’

தேவசகாயம் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“அழகான வார்த்தைய்யா. அதப் போயி குழியில எறக்குறியே! தாஜ்மகால்னு மாத்தி எழுதிட்டு வா. நோட்டுல என் கையெழுத்து இல்லன்னா பரீட்சை கெடையாது, தெரியுமில்ல?”

தெரியும். பரீட்சை இல்லையென்றால் தனக்கும் அதே குழிதான் என்பதும் தெரியும்.

“எழுதிட்டுப் போ தோஸ்த், இன்னாத்துக்குப் பேஜாரு?” என்றான் பக்கத்து இருக்கை ஷபீ அஹமது. “கட்டுனதே எங்க தாத்தா. நீ பார்த்ததா நானே சாட்சி சொல்றேன்.”

“உங்க தாத்தா கொல்லைச் செவுரே இன்னும் கட்டி முடிக்கல, போடா.”

மறுநாள் ஏசுராஜ் நோட்டை நீட்டினான். தேவசகாயம் உரக்கப் படித்தார்: ‘தாஜ்மகால் என்னை ஸ்டன் செய்யவில்லை. நான் அதைப் பார்த்ததில்லை.’

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“திமிரா?”

“சொந்த வாக்கியம் சார். தப்பு இருந்தா கோடு அடிங்க.”

தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். முற்றுப்புள்ளிகூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சிவப்புப் பேனா காகிதத்துக்கு மேலே சும்மா நின்றது.

“அப்பா இப்ப எப்பிடி இருக்காரு?” என்றார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“நேத்தே மறுபடியும் குழியில எறங்கிட்டாரு சார்.”

தேவசகாயம் கையெழுத்துப் போட்டார். மார்க் போடவில்லை. ஏசுராஜும் கேட்கவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு இடத்தில் உட்கார்ந்தவன், அவர் பார்க்கப் பார்க்க, சிவப்புக் கோடு போட்ட வாக்கியத்தை அதன் கீழேயே இன்னும் பெரிய எழுத்தில் எழுதினான்.