ஞானம்மாவின் கை சொன்ன சாட்சி

நெருங்கி வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் எனக்குக் கொடுங்கள். அடி வாங்கிய ஒருத்தியின் கதை இது. ஆனால் உங்களை அழவைத்து அனுப்ப மாட்டேன். அவள் ஜெயிக்கிறாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எப்படி ஜெயித்தாள் என்பதுதான் கதை.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்று. அதன் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவள் பென்னலூர் ஞானம்மா. ஷிப்ட் முடிந்து போகிற பெண்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, தோளிலிருந்து இடுப்புவரை தடவிச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. ஒரு ஷிப்டுக்கு முந்நூறு பேர்.

பத்து வருஷமாகத் தொட்டுத் தொட்டு அவள் கைக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிலர் கூச்சத்தில் நெளிவார்கள், அது வேறு. சிலர் விலாவில் விரல் பட்டதும் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். லீவு முடிந்த திங்கட்கிழமைகளில் அப்படிப் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். எல்லோருக்கும் முழுக்கை கோட்டு. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அவர்களில் ஒருத்தி செந்தாமரை. அவள் புருஷன் வேல்ராஜ் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன்.

“இன்னாடி ஆச்சு?” என்று ஒரு நாள் கேட்டாள் ஞானம்மா.

“ஸ்கூட்டில இருந்து வுழுந்துட்டேங்க்கா.”

“போன மாசமும் வுழுந்த. ஒண்ணு வண்டிய வித்துடு. இல்ல, தள்ளி வுடுற ஆள வுட்டுடு.”

செந்தாமரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதற்கு முன்பே அவள் இரண்டு முறை மணிமங்கலத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு முறையும் வேல்ராஜ் பக்கத்துப் பெரியவர்கள் பழத்தட்டோடு வந்து பேசினார்கள். அவள் தகப்பனார் அப்பாவுதான் அவளைத் திரும்ப பஸ் ஏற்றிவிட்டார். இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறை போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது இந்த முறை வேல்ராஜ் போட்ட நிபந்தனை. கம்பெனி பஸ், வேலை பார்க்கிற லைன், கேட், எதுவும் இருக்காது. நாலு சுவரும் அவனும்தான்.

சனிக்கிழமை திரைக்குப் பின்னால் நின்றபோது ஞானம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “எங்கப்பா அனுப்பிடுவாருக்கா. யாரு பாத்தான்னு கேப்பாங்க.”

“நான் வந்து சொல்றேன்.”

“நீ இன்னாக்கா பாத்த?”

“வரேன்னு சொன்னேன்ல.”

மறுநாள் கோயில் ஆராதனையைக்கூட விட்டுவிட்டு மணிமங்கலத்துக்கு வந்துவிட்டாள் ஞானம்மா.

அப்பாவு வீட்டுக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு வெங்கடேசன் உட்கார்ந்திருந்தார். வேல்ராஜுக்குப் பெரியப்பா. அவர் மனைவி லீலா மற்றப் பெண்களோடு கதவோரம் நின்றாள்.

“குடும்பம்னா அப்பிடி இப்பிடிதான் இருக்கும்” என்றார் அவர். “அவன் கை வெச்சத யாரு பாத்தா? பொம்பளப் புள்ள வேற கீது. அதுக்கு அப்பன் வாணாவா?”

“வேன் சத்தம் கேட்டா அது கட்டிலுக்கு அடியில போயிடுது பெரிமாமா. ஆறு வயசுதான் ஆவுது” என்றாள் செந்தாமரை.

“வெளயாடுது” என்றான் வேல்ராஜ்.

ஞானம்மா எழுந்தாள். “நானும் பாக்கல. தொட்டேன்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். “நீ யாரும்மா?” என்றார் வெங்கடேசன்.

“அவ கம்பெனி கேட்ல செக்கிங் பண்றவ. தீபாவளிக்கு அடுத்த திங்கக்கெழம இடது விலா. ஒரு வாரம் அவளால ஒழுங்கா மூச்சு வுட முடியல. பொங்கல் கழிச்சி வலது தோளு, கையே தூக்கல. மாசில முதுகு. ரெண்டு வெரல் அகலத்துக்குக் கோடு கோடா வீங்கிக் கெடந்துது.” வேல்ராஜ் பக்கம் திரும்பினாள். “பெல்ட்டுதான தம்பி?”

வேல்ராஜின் கை தன்னை அறியாமல் சட்டையை இழுத்துவிட்டு இடுப்பை மறைத்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

“கேட்ல நிக்கிறவ வந்து நமக்கு நாயம் சொல்றதா” என்று வெங்கடேசன் ஆரம்பித்தார்.

லீலா கதவோரத்திலிருந்து நடந்துவந்தாள். ஞானம்மா முன்னால் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். “எனக்கும் ஒரு வாட்டி பாரும்மா” என்றாள்.

ஞானம்மாவின் விரல் அவள் தோளில் பட்டது. லீலா மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஞானம்மா அந்தக் கைகளை மெதுவாக இறக்கிவிட்டாள். வெங்கடேசன் தலை குனிந்தவர்தான், அதன் பிறகு அவர் எதையும் தீர்த்துவைக்கவில்லை.

அப்பாவு அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். “எடுத்துக்கினு போங்க. ரெண்டு வாட்டி நான்தான் என் பொண்ண பஸ் ஏத்துனேன். அந்தப் பாவம் என்னோடது.” பிறகு மகளைப் பார்த்தார். “எங்கம்மா போவணும், நீ சொல்லு.”

“மகளிர் ஸ்டேஷனுக்குப்பா.”

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். லீலாவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஒரே நாளில் எல்லாம் முடியவில்லை, கண்ணுகளா. டாக்டர் பார்த்தார், பெண்களுக்கான அரசுப் பாதுகாப்பு அலுவலர் வந்து விசாரித்தார். தன் கைக்குத் தெரிந்ததை ஞானம்மா கோர்ட்டிலும் அப்படியே சொன்னாள். நாலாவது மாதம் உத்தரவு வந்தது. வேல்ராஜோடு குடியிருந்த வீட்டிலேயே செந்தாமரையும் மகளும் இருக்கலாம். வேல்ராஜ் அந்த வாசலிலோ கம்பெனி வாசலிலோ கால் வைக்கக் கூடாது.

போலீஸ்காரர் பார்த்திருக்க, அவன் துணிமணிகளை வேனில் ஏற்றினான். “நான் எங்கடி போவேன்?” என்றான்.

“மூணு வாட்டி நான் எங்கம்மா வூட்டுக்குப் போனேன்ல? நீ உங்கம்மா வூட்டுக்குப் போயா. போவப் போவ பழகிடும்.”

தெருவே சிரித்தது.

செந்தாமரை உள்ளே போனாள். அடுப்பங்கரையில் லீலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் துணைக்கு என்று சொல்லி வந்தவள், பெரிய பெட்டியோடு வந்திருந்தாள். எப்போது திரும்பிப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை. சாதத்துக்கு இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போட்டாள் செந்தாமரை.

உங்கள் வீடும் நன்றாக இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்கள் தெருமுனைவரை கேட்கும்படி சிரிக்கட்டும். பிள்ளைகள் கால் நீட்டி அயர்ந்து தூங்கட்டும். யார் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே இருக்கிறவர்களுக்கு நெஞ்சு பதறாமல் இருக்கட்டும்.