கொற்றந்துறைச் சந்தையில் திலகவதி என் தங்கையானாள்

கொற்றந்துறையின் பழைய துறைமுகச் சந்தையில் கடைக்காரர் நம்மை என்ன உறவு சொல்லிக் கூப்பிடுகிறாரோ, அந்த உறவு அங்கேயே உண்டாகிவிடும். அடுத்த கடைக்காரர் வேறு மாதிரிக் கூப்பிட்டால் பழையது கலைந்து புதியது வரும். மாலை ஐந்தரைக்கு மணியடித்து வாசலைச் சாத்துவார்கள். வெளியே வரும்போது எந்த உறவு இருக்கிறதோ அதுவே ஆயுளுக்கும் நிற்கும். கூடப்பிறந்தவர்கள் இல்லாத பலர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஓர் அண்ணனோடு ஊர் திரும்புவதுண்டு.

நானும் திலகவதியும் அதற்காகப் போகவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம் ஆகிறது. மின்வாரியத்தில் எனக்கு நான்கு நாள் விடுப்பு மிச்சமிருந்தது. அவளுக்குக் கடல் பார்க்க வேண்டும், எனக்குப் பழைய கட்டடம் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது என்று விடுதியில் சொன்னார்கள்.

சந்தை நன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சுண்ணாம்பு உதிர்ந்த சரக்குக் கிட்டங்கிகள். கயிற்றுக் கடையில் ஆள் உயரத்துக்கு வடம் சுருண்டு கிடந்தது. துருப்பிடித்த நங்கூரம் ஒன்றில் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார். ஒவ்வொரு கிட்டங்கியின் நெற்றியிலும் கட்டிய வருடம் எழுதியிருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டே முன்னால் போனேன். பதினோரு மணி வரை எல்லோரும் எங்களை சார், மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் உறவு எதுவும் கிடையாது. ஆகவே நிம்மதியாகச் சுற்றினோம்.

வளையல் கடை அப்பாஸ்தான் ஆரம்பித்துவைத்தார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. உள்ள வந்து பாருங்க."

ஒரே வாயால் என்னை அண்ணன் என்றும் அவளை அக்கா என்றும் சொல்லிவிட்டார். எந்த ஊர்க் கடைக்காரரும் இப்படித்தான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் அந்த இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை ஆகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தச் சந்தையில் யோசிப்பார்கள். திலகவதி என்னைவிட ஐந்து வயது சின்னவள் என்பதால் என் தங்கையானாள்.

"வாய்ப் பழக்கம்ணே, வந்துருச்சு," என்றார் அப்பாஸ். "நான் மாத்திச் சொல்ல முடியாது. ஒரு வாய்க்கு ஒரு தடவைதான். யார்கிட்டக் கேட்டு வாங்கினாலும் செல்லாது, தானா வரணும். மணி அடிக்கிறதுக்குள்ள யாராச்சும் சரியாக் கூப்பிட்டுருவாங்க. டீ சாப்பிட்டுப் போங்க."

தம்பி வாங்கித் தந்த டீயை மறுக்க முடியவில்லை.

கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். திலகவதி ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு சத்தமாக உறிஞ்சினாள். என் முன்னால் அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை.

"ஏண்ணா, உன் பொண்டாட்டி எப்படி? நல்லாச் சமைப்பாளா?"

"நல்லாச் சமைப்பா. கத்திரிக்காய்க் காரக்குழம்பு வச்சா தெருவே மணக்கும்."

"அவகிட்டச் சொல்லியிருக்கியா?"

"இல்ல. தட்டுல மிச்சம் வைக்காமச் சாப்பிடுறேனே."

"தட்டு பேசுமா?" என்றாள். பிறகு, "தங்கச்சியா இருக்கிறது சுகமாத்தான் இருக்குண்ணா. இப்படியே இருந்துட்டா தீபாவளிக்குச் சீர் வேற வரும்," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் தங்கையாகவே வாசலைத் தாண்டினால் வீட்டுக்கு நான் தனியாகத்தான் போக வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி நடந்தோம். புருஷன் பெண்டாட்டி மாதிரித் தெரிந்தால் யாராவது அண்ணே, அண்ணி என்று கூப்பிடக்கூடும். கிட்டங்கித் தெருவை இரண்டு முறை சுற்றினோம். சார், மேடம் என்பதற்கு மேல் யாரும் ஏறவில்லை.

"நீ பத்தடி முன்னால போனா எவன் நம்மளப் புருஷன் பொண்டாட்டின்னு நினைப்பான்?" என்றாள் திலகவதி.

"எல்லாப் புருஷனும் அப்படித்தானே போறான்."

"அது நம்ம ஊர்ல. இங்க வர்றவங்க எல்லாம் தனியாளு. நம்மளையும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

நடையைக் குறைத்துக்கொண்டேன். அவள் கையிலிருந்த பையை வாங்கினேன். நல்ல கனம். காலையிலிருந்து அதை அவளே தூக்கி வந்திருக்கிறாள். ஒரு இளநீரில் இரண்டு குழல் போட்டுக் குடித்தோம். அதற்கும் யாரும் அசையவில்லை. கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"அப்பாவைக் கையப் பிடிச்சுப் பதனமாக் கூட்டிட்டு வர்றியேம்மா. இந்தக் காலத்துல எந்தப் புள்ள செய்யுது?"

நான் தலைக்குச் சாயம் பூசுவதில்லை, அவள் பூசுவாள். சந்தையில் பெண்டாட்டியின் கையை முதல்முறையாகப் பிடித்ததற்கு எனக்குக் கிடைத்தது இது. அடுத்த நிமிடமே மகளைப் பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. இந்த வயதாகியும் இவளுக்குக் கல்யாணமாகவில்லையே என்று எதிரே வந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவனும் தேறவில்லை. முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். நானும் தேறவில்லை.

ஐந்தேகாலுக்கு முதல் மணி அடித்தது. நாங்கள் வாசலை ஒட்டிய மீன் கடைகளுக்கு வந்திருந்தோம். திலகவதி என் கைகளைப் பார்த்தாள்.

"பை எங்க?"

இளநீர்க் கடையில் கீழே வைத்தது நினைவுக்கு வந்தது.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் தூக்கினீங்க. உள்ள உங்க பிரஷர் மாத்திரை இருக்கு, கண்ணாடி இருக்கு, வீட்டுச் சாவி இருக்கு."

"ஒரு பைக்கு இவ்வளவு பேச்சா?"

"பையைச் சொல்லல. நான் பக்கத்துல இருக்கேனா இல்லையான்னுகூட நீங்க திரும்பிப் பார்க்கிறதில்ல. வருஷம் படிச்சுட்டே போறீங்க."

"நீ இல்லாமப் போயிருவியோன்னுதான் மத்தியானத்துலேர்ந்து வயித்தைக் கலக்குது," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போதும் விடு மருமவளே. எம் மவன்தான் வாயத் தொறந்து சொல்லிட்டான்ல. ஓடிப்போயி பைய எடுத்துட்டு வரட்டும்."

திலகவதி பேச்சை நிறுத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சீக்கிரம் போங்க, மணி அடிச்சிரும்," என்றாள். அது என் மனைவியின் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடினேன்.

நான் பையோடு திரும்பியபோது அந்தப் பெண்மணி கை கழுவி, அரிவாள்மனையைத் துடைத்து, விற்காத சங்கரா மீன் நான்கை ஒரு கூடையில் வைத்துக் கடையைப் பூட்டியிருந்தார். மூவரும் சேர்ந்து வாசலைத் தாண்டினோம். பின்னால் மணி அடித்தது.

பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அம்மா எடுத்துக்கொண்டார். அம்மாவின் பெயர் செலின்மேரி. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, அம்மாவுக்கு நாற்பத்தொன்பது. எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டபோது தான் பதினோரு நாள் கண்ணை மூடவில்லை என்று அம்மா திலகவதியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது அது. பாயெல்லாம் வேப்பிலை கிடந்தது எனக்கும் லேசாக நினைவிருக்கிறது.