சராசரி எந்த லயத்தில் இருக்கிறாள்?

1

மறைக்க ஒன்றும் இல்லை. இந்தக் கதை ஒரு தெர்மாஸ் குடுவைக்காக எழுதப்படுகிறது.

எண்பத்திரண்டாம் ஆண்டுப் பொங்கல் மலருக்காக ஈப்போவில் ஒரு வாசகர் மன்றம் சிறுகதைப் போட்டி அறிவித்திருக்கிறது. தலைப்பு, 'அண்மைக்கால அறிவியல் ஆய்வுகளும் நம் வாழ்வும்'. மருத்துவம், புதுப்பொருள்கள், வினையூக்கம், உணவு, சுற்றுச்சூழல் என்று ஐந்து துறைகளும் கதையில் கட்டாயம் வர வேண்டுமாம். ஒன்று விடுபட்டாலும் கதை குப்பைக் கூடைக்குப் போகும். எட்டுப் பக்கத்துக்கு மேலும் போகக் கூடாது. முதல் பரிசு தெர்மாஸ். எங்கள் வீட்டுத் தெர்மாஸ் போன மாதம் உடைந்தது. உடைத்தது நான்தான் என்று என் மனைவி எல்ஸி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் பெயர் பெர்னார்ட். குனோங் ராபாட்டில் வீடு, ஈப்போவில் ஒரு டயர் கடையில் கணக்கெழுதும் வேலை. எனக்குத் தெரிந்த அறிவியல், டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதோடு சரி. நல்லவேளையாக அடுத்த வீட்டில் ஸ்டானிஸ்லாஸ் இருக்கிறார். ஓர் ஆராய்ச்சிக் கழகத்தின் வேன் டிரைவர். (கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பென்ஷன் வாங்க வேண்டும்.) விஞ்ஞானிகளைத் தோட்டம் தோட்டமாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது அவர் தொழில். பார்த்ததை என்னிடம் சொன்னார். நான் தெர்மாஸை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பொன்னிறக் கதிரவன் ரப்பர்க் காட்டின் மேல் தன் கதிர்களை' — அடித்துவிட்டேன். ரப்பர்க் காட்டில் நிற்கிறவருக்குக் கதிரவன் தெரியாது, கொசுதான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: 'விஞ்ஞானம் மனித குலத்துக்கு அளித்த கொடைகளுள்' — எல்ஸி எட்டிப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு என்று கேட்டாள். அதுவும் போயிற்று.

மூன்றாவது தொடக்கம்: 'இருளாயியின் கட்டைவிரல் நகம் செவ்வாய்க்கிழமை விழுந்தது.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

இருளாயியின் கட்டைவிரல் நகம் செவ்வாய்க்கிழமை விழுந்தது. வலிக்கவில்லை. வெங்காயத் தோல் மாதிரி கழன்று வந்தது. சித்தியவான் சாலையில் இருக்கிற ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில், லயம் என்கிற நீள வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு, அவள் பல வருடமாக மருந்தடிக்கிறவள். ரப்பர் மரத்தடியில் முளைக்கிற புல்லைக் கொல்லும் விஷத்துக்குத் தோட்டத்தில் மருந்து என்றுதான் பேச்சு. அதை வெறுங்கையால் கலக்கி, பம்பில் ஊற்றி, முதுகில் சுமந்து, வரிசை வரிசையாக நடந்து அடிக்க வேண்டும். அடிக்கிற நாள்களில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீலகிரித் தைலம் கொடுத்து அனுப்பினார்கள்.

தன் நகத்தைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலை மகள் நவமணியைப் பற்றி. பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். பால் மரம் வெட்ட ஆள் போதும், தீபாவளி கழிந்ததும் அவளை மருந்தடிக்கிற கும்பலில் சேர்க்கப் போகிறேன் என்று வேலைக்கு ஆள் பிரிக்கிற மண்டோர் சொல்லிவிட்டார். இருளாயி அவரிடம் போய்க் கட்டைவிரலை நீட்டினாள். மண்டோர் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"இது மருந்தாலதான்னு ஒரு டாக்டரு ரிசல்ட்டு குடுக்கட்டும். அப்பறம் தொரகிட்ட பேசுறேன்" என்றார்.

விரல் கண்முன்னால் இருக்க, ரிசல்ட் கேட்ட முதல் மனிதர் அவர்.

அந்த வாரம்தான் வேன் வந்தது. உள்ளே இருந்தவர் டாக்டர் இராஜசிங்கம், யாழ்ப்பாணத் தமிழர். மருந்தடிக்கிற நாற்பது பெண்களின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஆராய வந்திருந்தார். மரியாதையாகப் பேசினார், ஆளுக்கொரு ஆரஞ்சுப்பழம் கொடுத்தார். அந்தக் கைகளில் மருந்து ஒட்டியிருக்கும் என்று பயந்து ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் ஊசி குத்தினார். அடுத்த மாதம் ரிசல்ட் வரும் என்றார். இருளாயிக்கு வந்த நிம்மதியில், ஆரஞ்சைக்கூட மகளுக்கு மிச்சம் வைக்காமல் அங்கேயே உரித்துத் தின்றுவிட்டாள்.

(மருத்துவம் முடிந்தது. இன்னும் நான்கு.)

4

அடுத்த மாதம் வேன் வந்தது. இருளாயி பம்பை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். டாக்டர் இல்லை. உணவு ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைச் சதை போட வைக்கும் புதுவகை பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிஸ்கட்டில் மீன் வாடை வந்ததால் பிள்ளைகள் அதை வாத்துகளுக்குப் போட்டார்கள். வந்தவர்கள் காலிப் பொட்டலங்களை எண்ணிப் பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிட்டதாக எழுதிக்கொண்டார்கள். அந்த வருடம் ஒன்பதாங்கட்டையில் வாத்துகள் நன்றாகச் சதை போட்டன.

அதற்கடுத்த முறை சுற்றுச்சூழல்காரர்கள் வந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். கீழே பிடித்த இடத்தில் அப்போது பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றைப் படம் எடுத்தபோது தெளிவாக வர வேண்டும் என்பதற்காக அவர்களைக் கொஞ்ச நேரம் கரையேறி நிற்கச் சொன்னார்கள். பிறகு இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

அப்புறம் புதுப்பொருள்காரர்கள். ரப்பர்ப் பாலைத் தோம்பில் நிரப்பிக்கொண்டு போனார்கள். கிழியாத, மெல்லிய கையுறை செய்யப் போகிறார்களாம்.*

(* அந்தக் கையுறை ஒன்றாவது மருந்தடிக்கிறவர்களுக்கு வந்ததா என்று ஸ்டானிஸ்லாஸிடம் கேட்டேன். சிரித்தார். ஆய்வாளர்களுக்கு வந்ததாம்.)

வேன் வரும்போதெல்லாம் இருளாயி ஜன்னலுக்குள் தலையை விட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"ஸ்டானி அண்ணே, என் ரத்தம் என்னாச்சு?"

கேட்டுச் சொல்கிறேன் என்பார் ஸ்டானிஸ்லாஸ். கேட்கவும் செய்தார். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. தீபாவளியும் வந்துகொண்டிருந்தது.

5

இங்கே ஒரு சிக்கல். டாக்டர் இராஜசிங்கத்தை வில்லனாக்கினால் கதை தானே ஓடும். தங்கப் பல்லும் மூன்றாம் மனைவியும் கொடுத்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். ஸ்டானிஸ்லாஸ் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

"அவரு கெட்டவரு இல்லலா மச்சான். என் மவ கல்யாணத்துக்கு வந்து, சட்டக் கைய மடிச்சிட்டு ரெண்டு பந்தி பரிமாறுனாரு. நம்மள யாரு அப்படி மதிக்கிறா?"

கெட்ட மனிதன் கெட்டது செய்தால் எனக்கு எழுதத் தெரியும். பந்தி பரிமாறுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல்லைப் பிடுங்கினேன். மனைவிமாரைத் திருப்பி அனுப்பினேன். நல்லவராகவே இருக்கட்டும், இருளாயிக்கு அதனால் என்ன வந்தது.

6

மருந்தடிக்கிற பருவம் முடிந்ததும் டாக்டர் திரும்ப வந்தார். பருவத் தொடக்கத்தில் ஒரு ரத்தம், முடிவில் ஒரு ரத்தம். இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வு. வெளிநாட்டு மாநாட்டில் அதைப் படிக்க அவருக்கு டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் மேசை போட்டு, கையுறை மாட்டி, முதல் ஆளாக இருளாயியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போன தடவ எடுத்தீங்களே ஐயா, அதுல என்னா இருந்துச்சு?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஒவ்வொருத்தரின்ட ரத்தத்தையும் தனியச் சோதிக்கிறேல்லை அம்மா. நாப்பது பேரின்டையும் ஒண்டா ஊத்தித்தான் பாத்தனாங்கள். செலவு குறையும். சராசரியாப் பாத்தால் பயப்பிட ஒண்டுமில்லை."

இருளாயி கையை வெளியே எடுக்காமலே கேட்டாள்.

"அந்தச் சராசரி எந்த லயத்துல இருக்கா ஐயா? அவளுக்கு நகம் இருக்கா?"

அதற்குள் வரிசையில் இருந்து கருப்பம்மாள் முன்னால் வந்தாள். மேல்லயத்துக்காரி. அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் கீழ்லயத்து வீட்டில் ஒரு வாய் கோப்பி குடித்தறியாதவள். அவள் காதில் விழுந்தது வேறு செய்தி.

"எவ ரத்தத்தோட எம் ரத்தத்த ஊத்துனீங்க?"

கீழ்லயத்துப் பெண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ரத்தத்தில் அவள் ரத்தத்தை யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்று அவர்களும் எழுந்தார்கள். ஒரு கிணற்றில் சேர்ந்து தண்ணீர் இறைக்காதவர்கள் ஒரு குப்பியில் சேர்ந்திருந்த விவரம் அப்போதுதான் வெளியே வந்தது. நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேறொரு தமிழராக இருந்தால் இவர்களுக்கு என்ன கோபம் என்று விழித்திருப்பார் என்று எழுத ஆசை. அப்படி ஒரு தமிழரை எனக்குத் தெரியாது. டாக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் வீட்டிலும் வேலைக்காரிக்குத் தனிக் குவளை உண்டு.

டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. இந்த முறை நாற்பது பேருக்கும் தனித்தனிக் குப்பி, தனித்தனிச் சோதனை, அடுத்த மாதமே அவரவர் கையில் ரிசல்ட் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். ஒவ்வொரு குப்பியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் எழுதினார். கருப்பம்மாள் தன் குப்பியை மற்றதோடு உரசாமல் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினாள். இருளாயியும் நீட்டினாள். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுமா என்று கேட்டாள். வரும் என்றார்.

வேன் ஈப்போ சாலையில் ஏறியதும் டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். நாலு சோதனைக்குப் போதுமான ரசாயனம்தான் ஆய்வகத்தில் இருந்தது.

"நாப்பதுக்கு நான் எங்க போறது, ஸ்டானி?" என்றாராம்.

குப்பிகளை மறுபடி ஒன்றாக ஊற்றிப் பார்த்துவிட்டு மாநாட்டுக்குப் போய் வந்தார். சராசரியாகப் பயப்பட ஒன்றுமில்லை என்று படித்ததற்குக் கைதட்டல் கிடைத்தது.

7

வினையூக்கம் பாக்கி இருக்கிறது. அகராதியைப் பார்த்தேன்: தான் மாறாமல் மற்றவற்றை மாறச் செய்யும் பொருள். ரப்பர்ப் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். கடைக்கு டயர் மாற்ற வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் அது வினையூக்கியில் சேராது என்றார்.

பிறகு தோன்றியது. கருப்பம்மாள் இருக்கிறாளே. நியாயமான ஒரு கேள்வியை இருளாயி கேட்டபோது ஒன்றும் அசையவில்லை. கருப்பம்மாளின் அசட்டுக் கேள்வி வந்து விழுந்ததும் நாற்பது பேரும் சேர்ந்தார்கள், குப்பிகள் தனித்தனியாயின, விஞ்ஞானி வாக்குக் கொடுத்தார். அவள் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் கீழ்லயத்தில் கோப்பி குடிப்பதில்லை.

நடுவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். ஐந்தும் ஆயிற்று.

8

முடிவுகள். தீபாவளி கழிந்த மறுநாள் காலை. பெரட்டுக் களத்தில், ஆள்கணக்கு எடுக்கிற மண்டோர், நவமணி என்று கூப்பிடுகிறார்.

(அ) முதல் நாளே ரிசல்ட் வந்துவிட்டது. ரத்தத்தில் விஷம் இருக்கிறது. துரை மனமுருகிவிட்டார். நவமணி பெரட்டில் இல்லை. ஈப்போவுக்குப் பஸ் ஏறி ஒரு தையல் கடையில் சேர்ந்துவிட்டாள். விஞ்ஞானம் வாழ்க. (தெர்மாஸ் எனக்கு.)

(ஆ) ரிசல்ட் வரவில்லை. நவமணி வந்து பம்பைத் தூக்குகிறாள். பரவால்லையே, பழகுன ஆள் மாதிரி தூக்குறா என்கிறார் மண்டோர். அம்மா வாளியில் மருந்து கலக்குகிறாள். மகளைக் கலக்க விடவில்லை. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

(இ) ரிசல்ட் வரவில்லை. நவமணி என்று கூப்பிட்டதும் இருளாயி முன்னால் வருகிறாள். "அவ பங்கையும் நானே அடிக்கிறேன், அவள விட்டுருங்க" என்கிறாள். மண்டோருக்குப் புல் செத்தால் போதும். சம்மதிக்கிறார். அடுத்த பருவம் முடிவதற்குள் இருளாயியின்

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.)

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இங்கேயே கையெழுத்துப் போட்டு மன்றத்துக்கு அனுப்பியிருப்பேன். அதற்கு முன்னால் ஸ்டானிஸ்லாஸிடம் முழுவதையும் படித்துக் காட்டியதுதான் வினை.

9

கேட்டு முடித்ததும் அவர் தாளை வாங்கி இருளாயி என்ற பெயரில் விரலை வைத்தார். பிறகு கேட்டார்.

"இது எந்த இருளாயி, மச்சான்?"

அவர் என்னிடம் சொன்னது மூன்று பெண்களைப் பற்றி. நகம் போனவள் ஒருத்தி. மூக்கில் ரத்தம் வந்தவள் ஒருத்தி. சராசரி எந்த லயம் என்று டாக்டரைக் கேட்டவள் ஒருத்தி. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதில் ஆளுக்கொரு மகள். எட்டுப் பக்கத்துக்குள் மூன்று பேர் என்றால் நடுவர்கள் குழம்புவார்கள் என்று நான் மூவரையும் ஒன்றாக ஊற்றி, இருளாயி என்று பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். பக்கம் குறைந்தது. ஆகவே, இவள் எந்த லயத்தில் இருக்கிறாள் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

முடிவுகளும் என் கற்பனை இல்லை. மூன்று வீட்டில் மூன்றும் நடந்தவை. (அ)-வில் ரிசல்ட்டும் துரையின் மனமும் மட்டும் என் சரக்கு. ரிசல்ட் நாற்பது பேரில் ஒருவருக்கும் வரவில்லை. (அ) வீட்டுத் தாய் அதற்காகக் காத்திருக்காமல் மகளைப் பஸ் ஏற்றிவிட்டாள். மற்ற இருவரும் டாக்டரின் வாக்கை நம்பிக் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. தெர்மாஸ் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அது வளர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

நீங்கள் படிக்கும்போதே ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். எது என்றும் எனக்குத் தெரியும். நல்ல மனசு உங்களுக்கு. நவமணி என்ற பெயரை, பஸ் ஏறிய அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்.

மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு நான் பெயர் வைக்கவில்லை, அந்த வேலையை உங்களிடம் விடுகிறேன். யோசித்துச் சீக்கிரம் வையுங்கள். பெரட்டுக் களத்தில் மண்டோர் கூப்பிடுவதற்காக நிற்கிறார்.