நானூற்றுப் பன்னிரண்டு குறைகள்

கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஒரு மொழியியல் ஆய்வகத்தில் ரோஸ்வித்தா பெட்சோல்டுக்கு வேலை. பொருள்களின் குணத்தைச் சொல்லும் ஜெர்மன் வினைச்சொற்கள்தாம் அவளுடைய முனைவர் பட்டத் தலைப்பு. இழுப்பறை சிக்கும், துணி சாயம் போகும், கம்பளிச் சட்டை குத்தும். ஆள் ஒன்றும் செய்ய வேண்டாம், சாமான் தானாகச் செய்யும்.

இப்படிப்பட்ட பேச்சு புத்தகத்தில் கிடைக்காது. அரசுக் கடை ஒன்றின் புகார்ப் பிரிவில் போய் உட்கார்ந்து, வாடிக்கையாளர் கடிதங்களிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களை அட்டைகளில் எழுதி வந்தாள். ஆறு வருட உழைப்பு. பட்டம் வந்தால் வேலை நிரந்தரம்; வராவிட்டால் செப்டம்பரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வழிகாட்டி கிரெட்ச்மர் பிரதியைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நம்ம நாட்டுல ஒரு சாமானாவது ஒழுங்கா இருக்கா இல்லியா?"

"ஒழுங்கா இருந்தா யாரு சார் கடுதாசி போடுறாங்க?"

"எனக்குப் புரியுது. கட்சிக்காரருக்குப் புரியணுமே! எல்லாத்தையும் நல்லதா மாத்திக் கொண்டாங்க."

மாற்றிப் பார்த்தாள். 'என் இழுப்பறை திறக்கும்' என்று எழுதிப் பக்கத்து வீட்டு ஹன்னலோரேவிடம் காட்டினாள்.

"திறக்காம என்ன செய்யும்? பைத்தியம்கூட இப்படிப் பேசாதுடி."

அதுவும் சரிதான். சாமான் ஒழுங்காக இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே வினைச்சொல்லைத் தொடாமல் ஊரை மட்டும் மேற்கு ஜெர்மனிக்கு மாற்றினாள். சிக்குவது ஹாம்பர்க் இழுப்பறை, குத்துவது மியூனிக் சட்டை. கிரெட்ச்மர் அன்றே கையெழுத்துப் போட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வாய்மொழித் தேர்வு நன்றாகவே போனது. முடியும் நேரத்தில், கட்சி அனுப்பியிருந்த ஆள் ஓரத்து நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினார்.

"தோழர் பெட்சோல்ட், ஒரு சின்ன சந்தேகம். மேற்கு ஜெர்மனிச் சாமான் நானூத்திப் பன்னெண்டு சொல்லியிருக்கீங்க. யாரு உங்களுக்கு அனுப்பி வைக்கிறாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. எதிரி நாடான மேற்கு ஜெர்மனியோடு தொடர்பு என்று ஆகிவிட்டால் வேலை மட்டுமா போகும்? உள்ளூர்ச் சாமான் என்று ஒப்புக்கொண்டால் நாட்டைப் பழித்த குற்றம். கிரெட்ச்மரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் அனுப்பல, தோழர். நானா இட்டுக்கட்டினது."

கட்சி ஆள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அவருக்கு அது போதும். தேர்வுக் குழுவுக்குத்தான் போதவில்லை. சேகரித்ததாகச் சொன்ன சான்றெல்லாம் கற்பனை என்று தன் வாயாலேயே சொன்னவளுக்கு எப்படிப் பட்டம் கொடுப்பது? ஆய்வை நிராகரிக்க ஐந்து பேர் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் கிரெட்ச்மர்.