செபமாலை சண்டை பிடிக்காத நத்தார்

"பங்கு இறைச்சியோ?"

"ஓம், பங்கு இறைச்சிதான். ஒரு பங்கு காணாது, ரெண்டு பங்கு எடுங்கோ. ஈரலும் வேணும்."

"ஓம், சொல்லிவிடுறன்."

"கோழி காணாதோ எண்டு கேக்கேல்லையோ?"

"ஏன் கேக்கோணும்? உனக்கு ஆட்டிறைச்சி எண்டால் ஆட்டிறைச்சி."

நேசமலர் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். செபமாலை விறாந்தையில் கால் நீட்டி இருந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஊசி வலைக்குள் போய்ப் போய் வந்தது. ஒரு ஆட்டை வெட்டி ஊரே பங்கு போட்டு வாங்கும் இறைச்சியில் இரண்டு பங்கு கேட்டிருக்கிறாள், ஈரலும் கேட்டிருக்கிறாள், மனிசன் ஓம் என்கிறான். 

முல்லைத்தீவுக் கரையில் செபமாலையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவனோடு ஒருதரமாவது சண்டை பிடிக்காதவர்கள் இருக்க முடியாது. ஐஸ் கொண்டு வருகிறவனோடு கட்டி சின்னது என்று சண்டை. சங்கத் தலைவரோடு கூட்டம் பிந்தித் தொடங்கியதென்று சண்டை. பங்குச் சுவாமியோடு பிரசங்கம் நீண்டுபோனதென்று சண்டை. மழை பெய்தால் வாசலில் நின்று மழையோடு சண்டை. வீட்டுக்குள்ளே எதற்கும் அவனுடைய முதற் சொல், பைத்தியமோ என்பதுபோல, "விசரோ உனக்கு" என்பதுதான். நேசமலர் ஒரு புதுச் சட்டி வாங்க வேண்டுமென்றால் அதற்கு நாட்கணக்கில் வாதாட்டம் நடக்கும். கடைசியில் சட்டி வந்துவிடும். வந்த சட்டி சரியில்லை என்று மேலும் கொஞ்ச நாள் போகும். மற்ற வீடுகள் தூணில் நின்றனவென்றால் அவர்களுடைய வீடு அந்தச் சத்தத்தில் நின்றது. தடியைப் பிடுங்கிவிட்டால் கூடாரம் அப்படியே தலையில் இறங்கிவிடும் என்பதுபோல, இப்போது சத்தம் இல்லாத வீட்டுக்குள் அவள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள்.

எல்லாம் கடைசிக் கிளினிக் நாளில் தொடங்கியது.

மார்பில் கட்டி என்று கண்டு, வெட்டி எடுத்து, மாதக்கணக்காக ஊசி ஏற்றி, தலைமயிர் கொட்டி, திரும்பவும் கோழிக்குஞ்சின் பூமயிர்போல முளைக்கத் தொடங்கியிருந்த நேரம். அன்றைக்கு டொக்டர் செபமாலையை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நேசமலர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்தாள். கதவு திறந்து அவன் வெளியே வந்தபோது கையிலே லேஞ்சி. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், வேர்வை என்றான்.

"ஊசி இனித் தேவையில்லையாம்," என்றான்.

"ஏனாம்?"

"எல்லாம் நல்லமாம்." பிறகு, தெருவில் மழை கொட்டிக்கொண்டிருக்கையில், "ஐஸ்கிறீம் குடிப்பமோ?" என்று கேட்டான்.

வழியில் ஒரு பிளேன்ரீ குடிக்கக் கேட்டாலே "வீட்டில தண்ணி இல்லையோ" என்கிற மனிசன். அவள் அந்த ஐஸ்கிறீமைக் குடித்தாள். குளிரில் பல் கூசியது. அந்தக் கரண்டியோடுதான் சந்தேகமும் உள்ளே இறங்கியது.

ஊசியை நிறுத்துவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நோய் தோற்றிருக்கலாம், அல்லது ஊசி தோற்றிருக்கலாம். எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மாசியில் குஞ்சுகள் வாங்கிக் கூடு அடித்து வளர்ப்பதா, அல்லது இருக்கிற இரண்டு கோழியையும் யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று முடிவெடுக்கலாம். நேரே கேட்டுப் பார்த்தாள். "எல்லாம் நல்லமாம்" என்று அதே சொல், அதே ராகத்தில், பாடமாக்கிய பிள்ளை மாதிரி. அதனால் நேசமலர் வேறு வழி பிடித்தாள். அவன் மறுக்கக்கூடியதாகப் பார்த்துப் பார்த்துக் கேட்பது. ஒருதரமாவது "விசரோ உனக்கு" என்றானென்றால், அவள் பிழைத்தாள். சாகப்போகிறவளோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

இறைச்சி முதலாவது. சுவர் இரண்டாவது.

"முன்னறைக்கு மயில்பச்சை அடிப்பம்," என்றாள்.

மயில்பச்சை அவனுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அந்த நிறத்தில் வீடு இருந்தால் உள்ளே தவளைதான் இருக்கும் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன். இப்போது சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "ஓம், நல்லாத்தான் இருக்கும்," என்றான்.

மாங்குளத்தில் மோட்டார்சைக்கிள் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் மகன் றொசான், யேசு பிறந்த நாளான நத்தாருக்கு முதல்நாள்தான் எப்போதும் வருவான். இந்த முறை அதற்கும் முந்தியே வந்து, தூரிகையோடு ஏணியில் ஏறினான். அவள் ஏணியைப் பிடிப்பதுபோலக் கீழே போய் நின்றாள்.

"தம்பி, முதலாளி எப்பிடி இவ்வளவு நாள் லீவு தந்தவர்?"

"கேட்டனான், தந்தவர்."

"என்ன சொல்லிக் கேட்டனீ?"

தூரிகை சுவரில் ஒரு கணம் நின்றது. "நத்தார் எண்டுதான்."

"அப்பா உனக்கு என்ன சொன்னவர்?"

"உங்களுக்குச் சொன்னதுதான் அம்மா எனக்கும் சொன்னவர். கீழ நிக்காதேங்கோ, பெயின்ற் சிந்தப்போகுது."

சொன்ன மாதிரியே ஒரு துளி அவளுடைய நெற்றியில் விழுந்தது. அவன் இறங்கி வந்து தன் சேட்டினால் அதைத் துடைத்துவிட்டான். தேவைக்கு மேலே துடைத்தான். அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள். பிறகு அவன் கைத்தொலைபேசியை எடுத்து, அவள் முற்றத்தில் கோழிக்குச் சோறு போடுவதை வீடியோ எடுத்தான். கோழி என்ன, இன்றைக்குத்தான் புதிதாகச் சோறு தின்னப் பழகுகிறதா?

வவுனியாவிலிருந்து தங்கை ஜெயரூபினி கேக் சாமான்களோடு பஸ்சில் வந்திறங்கினாள். ரவையும் மாஜரீனும் குழைக்கிற வாசம் வீடு முழுக்கப் பரவியது. நேசமலர் கிணற்றடியிலிருந்து வருகையில் குசினிக்குள் செபமாலையின் குரலும் தங்கையின் குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டும் அடங்கின. கரண்டி மட்டும் அவசர அவசரமாகச் சுற்றியது.

"என்னடி கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லையக்கா. முட்டை காணுமோ எண்டு."

"முட்டைக்கு ஏன் குசுகுசுக்கோணும்? கோழிக்குக் கேட்டிடும் எண்டோ?"

ஜெயரூபினி சிரித்தாள். சிரிப்பு நல்லாகத்தான் தொடங்கியது. நடுவில் எங்கோ தடக்கி, முடிகிறபோது அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். "புகை," என்றாள். அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை.

அன்றைக்குத்தான் நேசமலர் பெரியதை எடுத்தாள். செபமாலையின் தமையன் சின்னராசா அதே தெருவின் அந்தலையில் இருக்கிறான். செபமாலை அவனுக்கு இரவல் கொடுத்த வள்ள எஞ்சினின் காத்தாடி உடைந்து திரும்பி வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. யார் உடைத்தது என்பது இன்னும் தீரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இழுத்துவிட்டிருக்கும் அவர்களுடைய வள்ளங்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

"நத்தாருக்குப் பெரியத்தானைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ. நீங்களே போய்க் கூப்பிடுங்கோ."

வலையூசி நின்றது. அவனுடைய கழுத்து நரம்பு எழும்புவதை அவள் கண்டாள். சொல்லு, சொல்லு, அந்தச் சொல்லைச் சொல்லு என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அவன் வாயைத் திறந்தான். கடலைப் பார்த்தான். வாயை மூடினான்.

"ஓம்," என்றான். கிணற்றுக்குள் விழுந்த வாளி அடியைத் தொடுகிற மாதிரிச் சத்தம்.

மறுநாள் முகம் வழித்து, நல்ல சறம் உடுத்துப் போனான்.

நத்தார் விடியலில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பூசைக்குப் போனார்கள். முன்வாங்கில் அவளுக்கு இடம்விட்டு எழும்பிய பெண்களையும் அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். சுவாமி வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். மற்றவர்களுக்கு வைத்ததைவிட இவளுடைய தலையில் கை கூட நேரம் கிடந்ததோ? பாலன் கூட்டுக்கு முன்னால் முழங்காலில் நின்று, வைக்கோலில் கைவிரித்துக் கிடந்த குழந்தையிடம், "நீயாவது சொல்லடா," என்று மனதுக்குள் கேட்டாள். அது வழக்கம்போலச் சிரித்தது.

மத்தியானம் மயில்பச்சை அறைக்குள் பாய் விரித்து எல்லாரும் இருந்தார்கள். சின்னராசா வாசலை அடைத்துக்கொண்டு வந்தான். கையில் ஒரு பெரிய பாரைமீன். நத்தாருக்கு வெறுங்கையோடு வரமாட்டானாம். தம்பியின் பக்கத்தில் போய் இருந்து, சுவரைப் பார்த்து, "என்னடா இது, தவளை வீடு மாதிரி," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். செபமாலை மட்டும், "நேசத்துக்கு விருப்பமான நிறம்," என்றான்.

ஜெயரூபினி கறியை வாயில் வைத்துவிட்டு, "அத்தான், உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.

அவ்வளவுதான். செபமாலை நிமிர்ந்தான். "வவுனியாவில இருக்கிற உங்களுக்கு உப்பு எண்டால் என்னெண்டு தெரியுமே? குளத்துமீன் திண்டு திண்டு நாக்குச் செத்துப்போச்சு. கடற்கரைக்கு வந்து உப்புக்கு நியாயம் கேக்கிறியள்!" குரல் கூரையைத் தொட்டது. றொசான் பயந்தவன்போலக் காதைப் பொத்தினான். நேசமலருக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. இதோ, மனிசன் இருக்கிறான், அப்படியே இருக்கிறான். அவள் அவசரமாக நடுவில் விழுந்தாள்.

"உண்மையா உப்புக் கூடத்தான். எனக்கும் கரிக்குது."

செபமாலை அவளுடைய பக்கம் திரும்பினான். முகத்தில் ஏறியிருந்த அலை அப்படியே வடிந்தது.

"ஓம்," என்றான். "கொஞ்சம் கூடத்தான்."

சாப்பிட்டு முடிந்து, கை கழுவக் கிணற்றடிக்குப் போன சின்னராசாவின் பின்னால் அவள் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் போனாள். ஒளித்துப் பேசத் தெரியாத மனிசன். அவனிடம் ஏதும் சிந்தும் என்று நம்பினாள்.

"பெரியத்தான், உங்களைக் கூப்பிட வந்த நேரம் இவர் என்ன சொன்னவர்?"

"என்ன சொன்னவன்? 'நேசம் உன்னை வரச்சொன்னவ' எண்டான். அதைச் சொல்லி முடிக்க முதல் படலையடியில நிண்டு விக்கி விக்கி அழுறான்."

"ஏனாம்?"

"நான் கேக்கேல்லைப் பிள்ளை. இவ்வளவு காலம் கோவிச்சிருந்ததை நினைச்சு அழுறான் எண்டு நானும் அழுதிட்டன். அழுத அழுகையில, காத்தாடியை உடைச்சது நான்தான் எண்டும் ஒத்துக்கொண்டிட்டன்." அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, வேற ஏதுமோ?" என்று கேட்டான்.

"இல்லை," என்றாள் அவள். வாளியில் மிஞ்சிய தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள்.

பின்நேரம் செபமாலை கடற்கரைக்குப் போனான். வாடைக்காற்றில் இழுவைக் கயிறு அறுந்துவிடும் என்று வள்ளத்தைப் பார்க்கப் போவது அவனுடைய வழக்கம். நேசமலரும் பின்னால் நடந்தாள். தலையில் கட்டியிருந்த துணியைக் காற்று இழுத்தது. கரையில் ஒரு குருவியும் இல்லை. அலைகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வந்து, சேற்று நிறத்தில் உடைந்தன. நாள்கணக்காக யாரும் தொழிலுக்கு இறங்கவில்லை. இறங்குகிற கடலும் இல்லை. இறங்குகிற நாளும் இல்லை, நத்தார்.

வள்ளம் மணலில் கிடந்தது. நீலம் மங்கிய வள்ளம். நேசமலர் அதைக் கையால் தொட்டதில்லை. பெண் கால் வைத்த வள்ளத்தில் மீன் ஏறாது என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. செபமாலைக்கு அது கர்த்தர் கற்பித்த செபத்துக்கு அடுத்தது. ஜெயரூபினி பாவாடை கட்டிய வயதில் ஒருநாள் வள்ளத்தின் விளிம்பில் குந்திவிட்டாள் என்று, அவளைத் துரத்தி, வள்ளத்தை உப்புத்தண்ணீரால் கழுவி, சுவாமியைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்தவன். கலியாணம் முடிந்த புதிதில் நேசமலர் ஆசைப்பட்டு ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

செபமாலை கயிற்றை இழுத்துப் பார்த்தான். முடிச்சை அவிழ்த்து, திரும்ப இறுக்கினான். முதுகை அவளுக்குக் காட்டியபடி, தேவையில்லாமல் இன்னொரு முடிச்சும் போட்டான். அவனுடைய சேட்டின் பின்புறம் காற்றில் பாய்போலப் புடைத்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கடல் அப்படிக் கிடக்கிறது. நாள் நத்தார். அவள் பெண். மறுக்க அவனுக்கு இதைவிட நல்ல காரணங்கள் இந்த உலகத்தில் கிடையாது. காகங்கள் எழும்பிப் பறக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டால் போதும். மாசியில் குஞ்சுகள் வாங்குவாள், கூடு அடிப்பாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். அவன் திரும்பினான். கண்ணோரம் ஈரமாக இருந்தது; தூவானமாகவும் இருக்கலாம். "என்னை ஒருக்கா உந்த வள்ளத்தில ஏத்திக்கொண்டு போங்கோ. இப்பவே. அலை முறியிற இடத்துக்கு அங்கால மட்டும்."