ஒரு பக்கத்துக்குள்

1
இந்தக் கதை பிறந்த விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பத்திரிகையிலிருந்து போன் வந்தது. "ஒரே பக்கம்தான் சார் இருக்கு. ஒரு வரி கூடினாலும் போட முடியாது." சரி என்று தலையாட்டிவிட்டேன். போனில் தலையாட்டி என்ன பிரயோஜனம்! வைத்த பிறகுதான், இதே மாதிரி தலையாட்டிய இன்னொருவர் மனதில் வந்து உட்கார்ந்தார்.

2
'அரசாங்கங்களுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லியே தலை நரைத்த குற்றவியல் நிபுணர் அன்று காலை...'

வேண்டாம். தலை நரைத்ததெல்லாம் யாருக்கு வேண்டும்? விஷயத்துக்கு வருகிறேன்.

இருபது வருடம் முன்பு நிபுணர் ஓர் அறிக்கை எழுதினார். பன்னிரண்டு அறிகுறிகள், மூன்று பொருந்தினால் ஆபத்தான ஆள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'இது கண்காணிக்க மட்டும். யாரையும் சிறையில் அடைக்க இது போதாது.' அந்தக் குறிப்பால் அறிக்கை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

"மந்திரி ஒரு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாரு சார்," என்றார் செயலாளர். "கீழ இருக்கிறதைத் தூக்கிடுங்களேன்."

தூக்கிவிட்டார், தன் கையாலேயே. அந்த ஒற்றைப் பக்கத்தை மூன்று அரசாங்கங்கள் வாங்கிக்கொண்டன. அவருக்குக் காரும் விருதும் வந்தன.

3
இப்போது அவர் வீட்டு முன்னறையில் ஒரு பெண், கையில் அந்த ஒற்றைப் பக்கத்தோடு. வேன் டிரைவர்* ஒருவனின் அக்கா. (அவனைப் பற்றி அடிக்குறிப்பில் விரிவாகச் சொல்கிறேன். பாவம், சொல்ல நிறைய இருக்கிறது.) இரண்டு முறை சிம் கார்டு மாற்றினான், தனியாக வாடகைக்கு இருந்தான், அக்கம்பக்கத்தில் பேசமாட்டான். மூன்று பொருந்தியதா? ஆறு வருடமாக உள்ளே.

(எனக்கு ஐந்து பொருந்துகிறது. எண்ணிப் பார்த்தேன்.)

"இதை வச்சு ஆளை உள்ள போடலாம்னா எழுதினீங்க?"

"இல்லம்மா. கூடாதுன்னுதான் எழுதினேன்."

"எங்க சார்?" அவள் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"நான்தான்... எடுத்துட்டேன்."

கத்துவாள் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. நாளைக்கு விசாரணை. இதுதான் கடைசி மனுன்னு வக்கீல் கைய விரிச்சிட்டாரு."

எழுதினால் தம்பி வெளியே வரலாம். ஆனால் அவனைப்போல் உள்ளே கிடப்பவர்கள் அத்தனை பேரின் குடும்பமும் நாளை மறுநாள் இவர் வாசலில் நிற்கும். எழுதாவிட்டால் இந்த ஒருத்தியோடு போயிற்று. பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றவில்லை.

4
முடிவு ஒன்று: எழுதிக் கொடுக்கிறார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருபது வருடம் வாய்மூடி இருந்தவருக்குத் திடீரென்று தைரியம் எங்கிருந்து வரும்?)

முடிவு இரண்டு: நெஞ்சுவலி. சீ, அது என் சோம்பேறித்தனம்.

இதற்குள் பக்கம் நிரம்பிவிட்டது. ஒரு வரி அதிகம். கீழே உள்ள இரண்டு வரிகளில் ஒன்று போயாக வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. நீங்களே ஒன்றை அடித்துவிடுங்கள்.

"எழுதுங்க சார், தம்பி இன்னும் உயிரோடதான் இருக்கான்."

"யோசிச்சுச் சொல்றேன்மா."

* டிரைவர்: இடமில்லை.